வீட்டுக்குள் தண்ணீர்: அமெரிக்காவில் ஹோம் இன்சூரன்ஸ் கிளெய்ம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கிய நம் குடும்பங்கள் பலவற்றில், பத்திரம் முடித்த நாளில் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்சூரன்ஸ் பாலிசியை அப்புறம் யாரும் திறந்து பார்ப்பதில்லை. குழாய் வெடித்துச் சமையலறையில் தண்ணீர் நிற்கும்போதுதான் அந்தக் காகிதம் எங்கே என்று தேடுகிறோம். தனி வீடுகளுக்குப் பரவலாக இருக்கும் எச்ஓ-3 வகைப் பாலிசியை வைத்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம், கம்பெனிக்குக் கம்பெனி வாசகம் மாறும். உங்கள் பாலிசியில் அச்சிட்டிருப்பதுதான் கடைசி வார்த்தை. ஆனால் எந்தப் பாலிசியானாலும் தண்ணீர் கிளெய்ம் இரண்டு கேள்விகளின் மேல்தான் நிற்கிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது? எவ்வளவு நாளாக வந்தது?

தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் என்ன செய்வது?

மெயின் வால்வை மூடுங்கள். அது பேஸ்மென்டிலோ, கராஜிலோ, வீட்டின் முன்புறம் தரையோடு பதித்த மீட்டர் பெட்டியிலோ இருக்கும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் அந்த இடத்தை இன்றைக்கே காட்டி வையுங்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பா மட்டும் வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் பல குழாய்கள் வெடிக்கின்றன.

தண்ணீர் பிளக் பாயின்ட் உயரத்துக்கு வந்திருந்தாலோ, மேல்தளத்திலிருந்து விளக்கு வழியாகச் சொட்டினாலோ அந்தப் பகுதியின் பிரேக்கரை அணையுங்கள். பிரேக்கர் பெட்டிக்கே தண்ணீரில் நடந்துதான் போகவேண்டும் என்றால் போகாதீர்கள். மின்சாரக் கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் போனை எடுத்து வீடியோ. எந்த இடத்திலிருந்து தண்ணீர் வருகிறது, எந்தெந்த அறை நனைந்திருக்கிறது, சுவரில் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது எல்லாம் அதில் விழ வேண்டும். துடைத்த பிறகு எடுத்த படம் பாதிக் கதையைத்தான் சொல்லும்.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர் வந்து பார்க்கும் வரை எதையும் தொடாமல் அப்படியே வைத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். வைக்கவே கூடாது. சேதம் மேலும் பரவாமல் தடுப்பது உங்கள் கடமை என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்தால் பூஞ்சை பிடிப்பதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு. அட்ஜஸ்டர் நாலு நாள் கழித்து வருவார் என்று ஈரக் கார்ப்பெட்டை அப்படியே விட்டால், அதனால் வந்த பூஞ்சைக்குப் பணம் தரமாட்டோம் என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

தண்ணீரை உறிஞ்சுங்கள், ஃபேனும் டீஹியுமிடிஃபையரும் ஓடட்டும், சாமான்களை உயரத்தில் ஏற்றுங்கள். அதற்கான ரசீதுகள் எல்லாம் கிளெய்மில் சேரும். நிரந்தர வேலை மட்டும் இப்போது வேண்டாம். புதுத் தரை போடுவது, சுவர் பூசிப் பெயின்ட் அடிப்பது எல்லாம் அவர்கள் பார்த்த பிறகு.

ஒன்றை மட்டும் தூக்கிப் போடாதீர்கள்: உடைந்த பாகம். வெடித்த குழாய்த் துண்டு, டிஷ்வாஷரின் கிழிந்த ஹோஸ், விரிசல் விட்ட வால்வு எதுவானாலும் ஒரு ஜிப்லாக் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பிளம்பர் போகிற போக்கில் அதைக் குப்பையில் போட்டுவிடுவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது திடீரென்று உடைந்தது, நாள்பட்ட கசிவு அல்ல என்று பின்னால் காட்ட அந்தத் துண்டைவிட நல்ல சாட்சி கிடையாது. கழற்றிய கார்ப்பெட்டிலும் டிரைவால் சுவர்ப் பலகையிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தண்ணீருக்குப் பணம் வரும், எதற்கு வராது?

எதிர்பாராமல், திடீரென்று வீட்டின் குழாய் அமைப்பிலிருந்தோ சாதனத்திலிருந்தோ கொட்டிய தண்ணீர் என்றால் வரும். உறைந்து வெடித்த குழாய், வாஷிங் மெஷின் ஹோஸ், உடைந்த வாட்டர் ஹீட்டர், மேல்மாடி டாய்லெட்டின் சப்ளை லைன் எல்லாம் இதில் அடங்கும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸின் பெரும் பகுதியில் மின்சாரம் போய் வீடுகள் உறைந்தபோது எத்தனையோ வீடுகளில் மச்சிலிருந்த குழாய்கள் வெடித்தன. அவை இந்த வகை.

மழைக்குக் கணக்கு வேறு. காற்றோ ஆலங்கட்டியோ கூரையைப் பிய்த்து அந்த ஓட்டை வழியாக மழை உள்ளே வந்தால் பணம் உண்டு. கூரை வயதாகித் தேய்ந்து ஒழுகினால் கூரைக்குக் கிடைக்காது. உள்ளே நனைந்ததற்கும் தகராறு வரும்.

தரைமட்டத்தில் ஓடி வந்த வெள்ளம், ஆறு ஏரி கடல் பெருகி வந்தது, மண்ணுக்குள்ளிருந்து பேஸ்மென்ட் சுவர் வழியாக ஊறியது, இவற்றுக்கு ஹோம் பாலிசியில் ஒரு டாலரும் வராது. சாக்கடை எதிர்த்து வந்தாலும் பேஸ்மென்ட் குழியிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் நின்று குழி பொங்கினாலும் வராது, அதற்கென்று எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் காப்பீடு, தனியாக வாங்கியிருந்தால் ஒழிய.

கடைசியாக, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் கசிந்தது. சில பாலிசிகளில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்த கசிவு என்று எண்ணே போட்டிருக்கும். தண்ணீர் கிளெய்ம்கள் மறுக்கப்படும்போது அதிகம் மேற்கோள் காட்டப்படும் வாசகங்களில் இது ஒன்று. சின்க்குக்கு அடியில் பலகை கறுத்து உளுத்துப்போயிருந்தால் அட்ஜஸ்டரின் கண் நேராக அங்கேதான் போகும். சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ யாருக்கும் தெரியாமல் மறைந்திருந்த கசிவு என்றால் சில பாலிசிகள் அதற்குப் பணம் தருகின்றன. அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

மழையில் பேஸ்மென்ட் நிறைந்துவிட்டது. இதற்கும் கிளெய்ம் உண்டா?

2021 செப்டம்பர் 1 அன்று ஐடா புயலின் மிச்சம் நியூ ஜெர்சியைக் கடந்த இரவில் இந்தக் கேள்வியோடு விழித்திருந்த குடும்பங்கள் ஏராளம். பதில், தண்ணீர் எந்த வழியில் உள்ளே வந்தது என்பதைப் பொறுத்தது. ஒரே பேஸ்மென்ட், ஒரே மழை, ஆனால் மூன்று வேறு முடிவுகள்.

தெருவிலும் தோட்டத்திலும் தேங்கிய தண்ணீர் ஜன்னல் குழி வழியாகவோ பின்கதவு வழியாகவோ உள்ளே கொட்டினால் அது வெள்ளம். அதற்குத் தனியாக வெள்ளக் காப்பீடு இருந்திருக்க வேண்டும். மழை நேரத்தில் சம்ப் பம்ப் பழுதாகி அல்லது மின்சாரம் போய்க் குழி பொங்கினால், அல்லது தரை வடிகாலிலிருந்து தண்ணீர் எதிர்த்து வந்தால், அது வாட்டர் பேக்கப் எண்டார்ஸ்மென்டின் கீழ் வரும். அதன் உச்சவரம்பு வழக்கமாக 5,000, 10,000, 25,000 டாலர் என்று இருக்கும். கார்ப்பெட் போட்டு, ஹோம் தியேட்டர் கட்டி, கொலுப் படியும் பெட்டிகளும் அடுக்கிய பேஸ்மென்டுக்கு 5,000 எங்கே போதும்? பேஸ்மென்டைக் கட்டி முடித்தவர்கள் இந்த ஒரு வரியை இன்றே பார்த்துவிடுங்கள். மூன்றாவது, சுவர் விரிசலில் ஊறி வந்தது. அதற்குப் பெரும்பாலும் எந்தப் பாலிசியும் தராது.

ஆகவே பேஸ்மென்ட் விஷயத்தில் தண்ணீர் உள்ளே நுழைந்த இடத்தைப் படம் எடுப்பதுதான் முதல் வேலை. நின்றுபோன பம்ப்பையும் எடுங்கள். பிளம்பரிடம் "பம்ப்பின் மோட்டார் இயங்கவில்லை, குழி நிரம்பி வழிந்திருக்கிறது" என்பது போலக் காரணத்தோடு எழுதி வாங்குங்கள். "தண்ணீர் அகற்றப்பட்டது" என்று மட்டும் எழுதிய ரசீது எதற்கும் உதவாது.

வெள்ளக் காப்பீடு என்றால் என்ன? அதில் எல்லாம் கிடைக்குமா?

1968-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம்தான் இதில் முக்கியமானது, ஃபெமா எனப்படும் மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை முகமை நடத்துகிறது. வீட்டுக்கு அதிகபட்சம் 250,000 டாலர், உள்ளே உள்ள பொருள்களுக்கு 100,000 டாலர். பொருள்களுக்கான காப்பீட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தனியார் வெள்ளப் பாலிசிகளும் உண்டு.

பேஸ்மென்டுக்கு இதில் கிடைப்பது குறைவு. ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், மின்பெட்டி போன்றவற்றுக்குத் தருவார்கள். கட்டி முடித்த தரை, சோபா, டிவி எல்லாம் வெளியே. ஹோட்டல் செலவும் கிடையாது. சேதம் நடந்த 60 நாளுக்குள் கையெழுத்திட்ட இழப்புச் சான்று கொடுத்தாக வேண்டும். ஃபெமா தானே நீட்டிப்பு அறிவித்தால் ஒழிய இந்தக் கெடுவில் இளக்கம் இல்லை. சாதாரணமாக வாங்கும் பாலிசி 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். டிவியில் புயல் படம் ஓட ஆரம்பித்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்கு அது இல்லை.

உடைந்த குழாய்க்கும் பணம் தருவார்களா?

குழாய்க்கோ பழுதான மெஷினுக்கோ தரமாட்டார்கள். அதனால் கெட்ட சுவர், தரை, அலமாரிக்குத் தருவார்கள். குழாயை எட்டுவதற்குச் சுவரையோ கான்கிரீட் தளத்தையோ உடைத்து மறுபடி மூடும் செலவும் பொதுவாகச் சேரும். இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். டெக்சாஸில் தளத்துக்கு அடியில் குழாய் கசிந்தால் இந்தச் செலவே ஆயிரக்கணக்கில் போகும். அங்கே சில பாலிசிகளில் அஸ்திவாரத் தண்ணீர் சேதத்துக்குத் தனி எண்டார்ஸ்மென்ட் தேவைப்படுகிறது.

கிளெய்ம் போடலாமா, கைக்காசு போட்டுச் சரி செய்துகொள்ளலாமா?

டிடக்டிபிள், அதாவது சேதத்தில் முதலில் நீங்கள் ஏற்கும் தொகை, 2,500 டாலர், சேதம் 3,200 என்றால் கைக்கு வருவது 700. அந்த 700-க்காக ஒரு கிளெய்ம் உங்கள் பெயரில் ஏறும். க்ளூ எனப்படும் கிளெய்ம் வரலாற்று அறிக்கையில் அது ஏழு வருடம் வரை நிற்கும். வேறு கம்பெனிக்கு மாறும்போதும் அதைத்தான் பார்ப்பார்கள். குறுகிய காலத்தில் இரண்டு தண்ணீர் கிளெய்ம் வந்தால் பாலிசியைப் புதுப்பிக்க மறுக்கும் கம்பெனிகள் உண்டு. சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் போடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் சின்னது என்று கண்ணால் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மரத்தரைக்கு அடியிலும் டிரைவாலுக்குப் பின்னாலும் நிற்கும் ஈரம் வெளியே தெரியாது. ஈரமானி வைத்து அளக்கும் ஆளை அன்றைக்கோ மறுநாளோ வரவழைத்து, எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அப்புறம் முடிவெடுங்கள். மாதக்கணக்கில் யோசித்துவிட்டுப் பிறகு போட்டால் தாமதம் என்ற காரணமே கிளெய்மைக் கெடுக்கும். ஃப்ளோரிடாவில் சேதம் நடந்த ஒரு வருடத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

டிடக்டிபிள் எவ்வளவு என்பதையும் சரியாகப் பாருங்கள். காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் தனியாகச் சதவீதக் கணக்கு இருக்கலாம். 400,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் முதல் 8,000 உங்களுடையது.

கம்பெனிக்குப் போன் செய்யும்போது என்ன சொல்ல வேண்டும்?

தெரிந்ததைச் சொல்லுங்கள், ஊகத்தைச் சொல்லாதீர்கள். எப்போது பார்த்தீர்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, மூடியது எப்போது, எந்த அறைகள். அவ்வளவு போதும்.

"கொஞ்ச நாளாகவே ஈர வாடை அடித்த மாதிரி இருந்தது" என்று யோசிக்காமல் சொன்ன ஒரு வாக்கியம் நாள்பட்ட கசிவு என்று கோப்பில் ஏறிவிடும். குழாய் வெடித்ததற்கு "வீடே ஃப்ளட் ஆகிவிட்டது" என்று சொன்னால் வெள்ளம் என்று பதிவாகி, அதைத் திருத்தவே ஒரு வாரம் அலைய வேண்டி வரும். அதற்காக உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. உண்மையாகவே மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தால், கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும். தெரிந்தே பொய் சொன்னது நிரூபணமானால் முழுக் கிளெய்மும் போய்விடும், பாலிசியே ரத்தாகலாம்.

பதிவு செய்யும் வாக்குமூலம் கேட்டால் உங்கள் சொந்தக் கம்பெனிக்கு ஒத்துழைக்க வேண்டியது பாலிசி நிபந்தனை. ஆனால் தண்ணீரில் நின்றுகொண்டே கொடுக்க வேண்டியதில்லை. நாளைக் காலை என்று நேரம் குறித்துக் கொடுங்கள், பிரதி கேளுங்கள். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் பெயரில் வீடு இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேட்கத் தயங்காதீர்கள்.

போன் பேச்சு முடிந்ததும் கிளெய்ம் எண், பேசியவர் பெயர், அவர் சொன்னது எல்லாவற்றையும் ஒரு மின்னஞ்சலாக எழுதி அவர்களுக்கே அனுப்புங்கள். கூச்சமே வேண்டாம். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் "நான் பார்த்துக்கறேன்" என்றால் அது கிளெய்ம் ஆகாது, எண் கையில் வர வேண்டும்.

அட்ஜஸ்டர் யாருடைய ஆள்?

கம்பெனியின் ஆள். இண்டிபென்டன்ட் அட்ஜஸ்டர் என்று அட்டை நீட்டுகிறவரும் கம்பெனிக்காக ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்தான். பப்ளிக் அட்ஜஸ்டர் ஒருவர்தான் உங்கள் பக்கம். வரும் பணத்தில் சதவீதம் எடுப்பார். டெக்சாஸில் அது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சின்னக் கிளெய்முக்கு அவர் தேவையில்லை. பெரிய சேதம், கம்பெனி இழுத்தடிக்கிறது என்றால் யோசிக்கலாம். மாநில உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கம்பெனி அட்ஜஸ்டர் வரும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

வீட்டில் இருங்கள். முடிந்தால் உங்கள் கான்ட்ராக்டரையும் அதே நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். இருவரும் ஒரே சுவரைப் பார்த்துப் பேசினால் பின்னால் வரும் பாதிச் சண்டை குறையும். தண்ணீர் இறங்கிய வழியெல்லாம் காட்டுங்கள். மேல்மாடிக் குளியலறையில் ஆரம்பித்தது கீழ்த்தள ஹாலின் சீலிங், அதற்குள் இருக்கும் இன்சுலேஷன், அதற்கும் கீழே பேஸ்மென்ட் என்று போயிருக்கும்.

பெரும்பாலும் எக்ஸாக்டிமேட் என்ற மென்பொருளில் வரிவரியாக மதிப்பீடு போடுவார். அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கி, வரி வரியாகப் படியுங்கள். விட்டுப்போவது எப்போதும் சின்ன வரிகளில்தான்: பேஸ்போர்டு, கிச்சன் கேபினெட்டைக் கழற்றி மறுபடி மாட்டும் கூலி, சாமான்களை நகர்த்தும் கூலி, நகராட்சி பெர்மிட், சீலிங் முழுவதற்கும் பெயின்ட். சமையலறையில் கெட்ட மரத்தரை ஹாலோடு ஒரே தொடர்ச்சி என்றால், பாதிக்கு மட்டும் மாற்றினால் நிறம் சேராது. சில மாநிலங்களில் பொருத்தமாக மாற்றித்தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

தண்ணீர் உறிஞ்ச வந்த கம்பெனி ஏதோ கையெழுத்துக் கேட்கிறது. போடலாமா?

படித்துவிட்டுப் போடுங்கள். வேலைக்கான அனுமதி என்றால் சரி. உங்கள் இன்சூரன்ஸ் உரிமையையே அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம் என்றால் வேண்டாம். ஃப்ளோரிடாவில் இதனால் வந்த வழக்குகள் பெருகிப்போய், 2023 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் பாலிசிகளில் அந்த ஏற்பாட்டையே சட்டம் தடுத்துவிட்டது. "டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் கான்ட்ராக்டரையும் வாசலோடு அனுப்புங்கள். டெக்சாஸில் 2019 முதல் அது வெளிப்படையாகவே குற்றம்.

இன்சூரன்ஸ் கம்பெனி பரிந்துரைக்கும் ஆளைத்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை.

மதிப்பீடு 18,000 என்கிறார்கள், காசோலை 11,500-க்கு வந்திருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. ஆனால் இங்கேதான் நம்மவர்கள் நிறையப் பணத்தை விட்டுவிடுகிறார்கள், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

புதிதாகச் செய்ய ஆகும் செலவு 18,000. பழைய தரை, பழைய பெயின்டுக்குத் தேய்மானம் என்று 4,000 கழிக்கிறார்கள். டிடக்டிபிள் 2,500. மீதி 11,500 முதல் காசோலை. உங்கள் பாலிசி மாற்றுச் செலவு அடிப்படையில் இருந்தால், வேலையை முடித்து ரசீது அனுப்பிய பிறகு அந்த 4,000-மும் வரும். வேலை செய்யாவிட்டாலும் கெடு தாண்டிவிட்டாலும் வராது. கெடு பாலிசிக்குப் பாலிசி மாறும், 180 நாள் என்பதும் உண்டு. கடிதத்தில் தேதி இருக்கும், காலண்டரில் குறித்து வையுங்கள். பாலிசி தேய்மானம் கழித்த நடப்பு மதிப்பு அடிப்படையில் மட்டும் என்றால் 4,000 போனது போனதுதான்.

சுவரைத் திறந்த பிறகு உள்ளே இன்னும் சேதம் தெரிந்தால் வேலையை நிறுத்திப் படம் எடுத்துக் கூடுதல் மதிப்பீடு அனுப்புங்கள். இது வழக்கமான நடைமுறை, சலுகை அல்ல. முதல் காசோலையை வங்கியில் போட்டதால் கிளெய்ம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். "முழுத் தீர்வு" என்று எழுதிய விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாத வரை பொதுவாக அது முடிவு அல்ல.

காசோலையில் என் பெயரோடு மார்ட்கேஜ் கம்பெனியின் பெயரும் இருக்கிறதே?

வீட்டின் மேல் கடன் இருந்தால் கட்டடத்துக்கான பணம் அப்படித்தான் வரும். அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். தொகை பெரிதானால் பணத்தை அவர்களே வைத்துக்கொண்டு, வேலை நடக்க நடக்கத் தவணையாக விடுவார்கள். நடுவில் வந்து பார்ப்பார்கள். கிளெய்ம் போட்ட வாரமே அவர்களின் இழப்புப் பிரிவைக் கூப்பிட்டு என்னென்ன படிவம் வேண்டும் என்று கேட்டு வைத்தால் பல வாரம் மிச்சம். பொருள்களுக்கும் ஹோட்டலுக்கும் வரும் பணம் உங்கள் பெயரில் மட்டும் வரும்.

கல்யாணப் பட்டுப்புடவைகள், தஞ்சாவூர் ஓவியம் எல்லாம் நனைந்துவிட்டன. இதற்கு எப்படி விலை போடுவது?

முதலில், வருத்தத்தில் எதையும் தூக்கி எறியாதீர்கள். புடவைகளை நிழலில் உலர்த்திப் படம் எடுங்கள். பட்டியலில் "புடவைகள், 20" என்று எழுதினால் ஏதோ துணி என்று விலை போட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றாக எழுதுங்கள்: காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு, ஜரிகை பார்டர், வாங்கிய வருடம், கடை, இன்றைய விலை. சென்னைக் கடையின் ரூபாய் ரசீது இருந்தால் அதுவும் சான்றுதான். ரசீது இல்லையா? கல்யாண ஆல்பத்தில் அந்தப் புடவையோடு நிற்கும் படம், கார்டு கணக்கு, அதே தரப் புடவைக்குக் கடை தளத்தில் இருக்கும் இன்றைய விலை, இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். அட்ஜஸ்டருக்குக் காஞ்சிபுரம் தெரிந்திருக்க நியாயமில்லை. நெய்வது எப்படி, ஏன் இந்த விலை என்று நாலு வரி எழுதி இணைத்தால் பேச்சே மாறும்.

பாட்டி காலத்து ஓவியம், பழைய பித்தளை விளக்கு போன்றவை வேறு மாதிரி. பழம்பொருளுக்கும் கலைப்பொருளுக்கும் மாற்றுச் செலவு பொருந்தாது என்று பல பாலிசிகளில் இருக்கும். அவற்றை மதிப்பீட்டுச் சான்றோடு தனிப் பட்டியலில் சேர்த்துக் காப்பீடு செய்வதுதான் வழி. இன்னும் நனையாத வீடு என்றால் இன்றே செய்யக்கூடிய வேலை இது. கூடவே ஒவ்வொரு அலமாரியையும் திறந்து ஒரு வீடியோ எடுத்து கிளவுடில் போட்டுவிடுங்கள்.

வேலை முடியும் வரை எங்கே தங்குவது?

சேதத்துக்குக் காப்பீடு உண்டு, வீடும் தங்க லாயக்கில்லை என்றால் கூடுதல் வாழ்க்கைச் செலவு தருவார்கள். கூடுதல் மட்டும். மாதம் மளிகைக்கு 600 ஆகிற குடும்பத்துக்கு ஹோட்டலில் இருந்ததால் சாப்பாட்டுக்கு 1,100 ஆனால் 500 வரும். சமையலறை உள்ள இடமாகக் கேளுங்கள். சைவக் குடும்பத்துக்கு, சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு அது நியாயமான தேவை.

பூஞ்சைக்கு?

காப்பீடு உள்ள தண்ணீர் சேதத்தால் வந்தது என்றால் கிடைக்கலாம். ஆனால் பல பாலிசிகளில் 5,000 அல்லது 10,000 டாலர் என்று தனி வரம்பு போட்டிருப்பார்கள்.

எவ்வளவு நாளில் முடிவு சொல்ல வேண்டும்?

மாநிலச் சட்டம் சொல்லும். டெக்சாஸில் பொதுவாக 15 நாளில் கிளெய்மை ஏற்றுப் பதில் தர வேண்டும்; கேட்ட ஆவணமெல்லாம் கிடைத்த 15 வேலை நாளில் சம்மதமா மறுப்பா என்று சொல்ல வேண்டும்; சம்மதித்தால் 5 வேலை நாளில் பணம். நேரம் போதவில்லை என்றால் காரணத்தோடு எழுத வேண்டும். பெரிய புயலுக்குப் பிறகு இந்தக் கெடுக்கள் நீளும்.

மறுத்துவிட்டார்கள். இனி என்ன?

எந்தப் பக்கத்தில் எந்தப் பத்தியை வைத்து மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் முழுப் பிரதியையும் கேளுங்கள். நாள்பட்ட கசிவு என்று மறுத்திருந்தால், பையில் போட்டு வைத்த அந்தக் குழாய்த் துண்டையும் பிளம்பரின் கடிதத்தையும் எடுக்கும் நேரம் இது. மாதாமாதம் ஒரே அளவில் இருந்து அந்த மாதம் மட்டும் எகிறிய தண்ணீர் பில்லும் நல்ல சான்று. இவற்றை இணைத்து மறு ஆய்வு கேளுங்கள், வேறு அட்ஜஸ்டரை அனுப்பச் சொல்லுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுங்கள். இணையத்திலேயே போடலாம், செலவு கிடையாது. புகார் போனதும் கம்பெனி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அது வரை கிடைக்காத விளக்கம் அப்போது கிடைக்கும்.

காப்பீடு உண்டு என்று ஒத்துக்கொண்டு தொகையில் மட்டும் சண்டை என்றால் பல பாலிசிகளில் அப்ரைசல் என்ற வழி இருக்கிறது. நீங்கள் ஒரு மதிப்பீட்டாளர், அவர்கள் ஒருவர், இருவரும் சேர்ந்து நடுவர் ஒருவர். மூவரில் இருவர் ஒத்துக்கொண்ட தொகை கட்டுப்படுத்தும். உங்கள் ஆளின் கூலியும் நடுவர் கூலியில் பாதியும் உங்களுடையது, ஆகவே வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் லாபம். வழக்குப் போட ஒன்று அல்லது இரண்டு வருடம்தான் என்று பாலிசியில் கெடு இருக்கும். வக்கீலை அதற்கு முன்பே பாருங்கள்.

டவுன்ஹவுஸ், காண்டோ என்றால்?

சுவருக்கு வெளியே அசோசியேஷனின் மாஸ்டர் பாலிசி, உள்ளே உங்கள் எச்ஓ-6 பாலிசி என்பது பொதுக் கணக்கு. எது உள்ளே எது வெளியே என்பதை அசோசியேஷன் பத்திரம்தான் சொல்லும். மேல்வீட்டுக்காரரின் தண்ணீர் என்றாலும் முதலில் உங்கள் கம்பெனியிடமே போடுங்கள்; அவர்கள் மேல்வீட்டுக் கம்பெனியிடம் வசூலிக்கப் பார்ப்பார்கள்.

டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது குழாய் உறைந்து வெடித்துவிட்டது. தருவார்களா?

ஹீட்டரை ஓட விட்டிருந்தீர்கள் அல்லது தண்ணீரை மூடிக் குழாய்களை வடித்திருந்தீர்கள் என்று காட்ட முடிந்தால் தருவார்கள். இரண்டும் இல்லை என்றால் மறுப்பார்கள். போகும்முன் மெயின் வால்வை மூடுங்கள், தெர்மோஸ்டாட்டை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்காதீர்கள், இரண்டையும் தேதியோடு படம் எடுங்கள். இணையத்தோடு இணைந்த தெர்மோஸ்டாட்டின் பதிவும் கேஸ் பில்லும் சாட்சி சொல்லும். வாரம் ஒரு முறை உள்ளே போய்ப் பார்க்க ஒரு நண்பரிடம் சாவி கொடுங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இந்தியா திரும்பிவிட்டோம். பழைய பாலிசியே போதுமா?

போதாது. ஹோம் பாலிசி நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. பிரீமியத்தை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே இருந்தாலும், சேதம் வந்த அன்று நீங்கள் அங்கே குடியிருக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் மறுக்க முடியும். வாடகைக்காரர் சாவி வாங்குவதற்கு முன்பே ஏஜென்டிடம் சொல்லி டிபி-3 எனப்படும் வாடகை வீட்டுப் பாலிசிக்கு மாற்றி, அதில் தண்ணீர் சேதமும் வாட்டர் பேக்கப்பும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக்காரரின் சாமான்கள் அதில் வராது. அவர் தனியாக ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.